கண்ணாடி கழன்றால் கைதட்டு

அந்த ஆளுக்கு ஊரில் டமாரம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வாக்காளர் பட்டியலில் தூங்கிக்கொண்டிருந்தது. டமாரம் என்றதும் பெரிய வாயாடி என்று நினைத்துவிட வேண்டாம். பேசச் சொன்னால் நாலு வார்த்தைக்கு நாற்பது முறை எச்சில் விழுங்குவார். சத்தமெல்லாம் அவருக்கு உள்ளங்கையில்தான்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் சந்தைத் தெருவில் மெத்தைக் கடை வைத்திருந்தார். பஞ்சைத் திணித்து, வாயைத் தைத்து, ஓரம் கட்டிய பிறகு மெத்தையைத் தரையில் போட்டு இரண்டு கையாலும் அறைந்து அறைந்து சமப்படுத்த வேண்டும். ஒரு பக்கம் மேடும் ஒரு பக்கம் பள்ளமுமாக விட்டால், வாங்கிப் போனவன் மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பான். மீசை முளைக்கும் முன்பே தொடங்கிய அறை அது. அதில் அவருடைய கை இரண்டும் பலகை மாதிரி ஆகிவிட்டன. அவர் ஒருமுறை கைதட்டினால் நாலு பேர் தட்டியது மாதிரி கேட்கும். மூடிய மண்டபமாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இப்படிப்பட்ட கை அரசியலின் கண்ணில் படாமல் போகுமா? பட்டது. அதுவும் தற்செயலாகத்தான் பட்டது. பஸ் நிலையத்துப் புதுக் கட்டடத்தைத் திறக்க ஒருவர் வந்திருந்தார். அப்போது அவர் தலைவர் இல்லை, தலைவராவதற்கு வரிசையில் நின்றவர்களில் ஒருவர். வெயிலில் நின்ற கூட்டம் அவர் பேச்சைக் கேட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. கடையிலிருந்து எட்டிப் பார்க்க வந்த டமாரம், கையில் ஒட்டியிருந்த பஞ்சை உதற இரண்டு கையையும் பட்டென்று தட்டினார். கூட்டம் திடுக்கிட்டது. யாரோ கைதட்டுகிறார்கள், தட்டாவிட்டால் தப்பாகிவிடும் என்று எல்லோரும் தட்டினார்கள். மேடையில் இருந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மாகாணத்தை அடுத்த இருபது வருஷம் ஆட்டிப் படைத்த மனிதரின் முதல் கரவொலி, உண்மையில் பஞ்சு உதறிய சத்தம். இதை எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் எழுத மாட்டார்கள்.

மறுநாளே அவருடைய காரியதரிசி கடை வாசலில் வந்து நின்றார். ஒல்லியான ஆள், தலைவர் தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்கிற ரகம்.

"நேத்து தட்டினது நீங்கதானே? அடுத்த கூட்டத்துக்கும் வந்துடுங்க. வண்டி அனுப்புறோம்."

டமாரம் எச்சில் விழுங்கிவிட்டு, "சரிங்க சார்," என்றார். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

தொழில் என்று வந்துவிட்டால் ஒழுங்கு வேண்டாமா? எந்த இடத்தில் தட்டுவது என்பது முதலில் அவருக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. தலைவரின் வாக்கியங்கள் ரயில் பெட்டி மாதிரி ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு போகும். முடிந்ததா முடியவில்லையா என்று பேசுகிறவருக்கே தெரியாது. இரண்டு கூட்டத்தில் நடு வாக்கியத்தில் தட்டிவிட்டுக் காரியதரிசியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகுதான் ஒன்றைக் கவனித்தார். தலைவர் கண்ணாடி போட்டுக்கொண்டு தாளைப் பார்த்துப் படிப்பார். தனக்கே மிகவும் பிடித்த வரி வந்துவிட்டால் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்ப்பார். பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளை வீட்டாரைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. அந்த நேரம்தான் நேரம். கண்ணாடி கழன்றால் கைதட்டு. இதைக் கண்டுபிடித்த நாளில் டமாரத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

காரியதரிசி எப்படி என்று கேட்கவில்லை. சத்தம் வந்தால் அவருக்குப் போதும். தலைவருக்கோ இப்படி ஒரு ஏற்பாடு இருப்பதே தெரியாது. தன் பேச்சில் ஊர் மயங்குகிறது என்று நம்பினார். அப்படி நம்புவதற்கு முகஸ்துதியெல்லாம் தேவையில்லை, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தால் போதும். அவர் வீட்டில் அறைக்கு ஒன்று இருந்தது.

வருஷம் போகப் போக டமாரத்தின் கீழ் ஒரு படையே சேர்ந்தது. கட்சியின் கிளைக்குக் கிளை ஆள் வந்து அவரிடம் பாடம் கேட்டுப் போனார்கள். எச்சில் விழுங்குகிற மனிதருக்கு அந்த நேரம் மட்டும் வாய் சரளமாக வரும்.

"பேச்சைக் கேக்காதீங்க. கேட்டா யோசனை வரும், யோசனை வந்தா கை தாமதமாகும். காதை வீட்டுல வெச்சுட்டு வாங்க. கண்ணு மட்டும் அந்தக் கண்ணாடி மேல இருக்கட்டும். கழட்டினாரா, அடி! போட்டாரா, நிறுத்து!"

அவர்கள் போய்த் தங்கள் ஊர்க் கூட்டத்துக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் கூட்டம் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குச் சொல்லிக் கொடுத்தது. வயல் வேலைக்குப் போகிறவன், கடையில் கணக்குப் பார்க்கிறவன், காலேஜில் படிக்கிறவன் என்று எல்லோரும் காதை வீட்டில் வைத்துவிட்டு வரப் பழகினார்கள். டமாரமும் பழகினார். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் டீக்கடையில் உட்கார்ந்து, "இன்னிக்கு என்ன பேசினாரு?" என்று மற்றவர்களைத்தான் விசாரிப்பார்.

அவருடைய மனைவிக்கு இந்தப் பெருமையெல்லாம் எடுபடவில்லை. கடையில் கல்லாவில் உட்கார்ந்து உறைத் துணியை வெட்டிக்கொண்டே சொல்வாள். "ஊருக்கெல்லாம் தட்டுற கை, வீட்டுல ஒரு கொசுவைத் தட்டுதா பாரு."

அவர்களுக்கு ஒரே மகள். நர்ஸ். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடுத்த மாகாணம்; அங்கேயுள்ள அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் வேலை. இக்கரையில் வீடு, அக்கரையில் வேலை, நடுவில் ஒரு பாலம். அந்த ஆஸ்பத்திரியில் லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகும். அதைச் சரிசெய்ய வந்த மெக்கானிக் அக்கரைக்காரன். லிஃப்ட் சரியானதோ இல்லையோ, கல்யாணம் முடிந்தது. கல்யாணத்துக்கு டமாரம் தன் கையாலேயே இரட்டை மெத்தை ஒன்று தைத்து, பாலத்தின் மேல் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்கு அவரிடம் யாரும் எந்தக் கரை என்று கேட்கவில்லை.

இந்த இடத்தில் அந்த நாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல மாகாணங்கள் ஒன்றுசேர்ந்து வாழ்வோம் என்று கையெழுத்துப் போட்டுக்கொண்ட கூட்டாட்சி அது. தலைநகரத்தில் ஒரு பெரிய அரசு, மாகாணத்துக்கு ஒரு தலைவர். கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது புரியும். வீட்டுப் பெரியவர் கோபக்காரராக இருந்தாலும் குடும்பம் ஓடிவிடும். பிள்ளைகள் ஒவ்வொருவரும் தன் அறைக்குத் தனிப் பூட்டு வாங்க ஆரம்பித்தால்தான் வீடு போகும். அந்த நாட்டில் பிள்ளைகள் பூட்டு வாங்க ஆரம்பித்திருந்தார்கள். நல்ல தலைவனாக இருந்தால் அடுத்தவனையும் சேர்த்து மேலே தூக்குவான். இவர்களுக்கோ அடுத்தவன் பானையில் சோறு குறைந்தால் தன் பானை நிறைந்த மாதிரி.

இக்கரைத் தலைவருக்குத் தேர்தல் நெருங்கியது. இருபது வருஷத்தில் ஒரு தொழிற்சாலை கொண்டு வரவில்லை; வேலையில்லாப் பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். "அக்கரையிலேருந்து வர்றவங்கதான் உங்க வேலையைப் பறிக்கிறாங்க," என்று ஒருநாள் நகர மண்டபத்தில் அறிவித்தார். அக்கரையில் பிறந்த யாருக்கும் இனிமேல் இக்கரையில் வேலை கிடையாது என்று ஓர் உத்தரவு. இக்கரை வேலை இக்கரைக்கே. அன்றைக்குக் கண்ணாடி பலமுறை கழன்றது. டமாரமும் தன் வாழ்நாளிலேயே அப்படி ஒரு தட்டுத் தட்டியதில்லை. முன் வரிசையில் இருந்த ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார்.

கூட்டம் முடிந்து டீக்கடையில் விசாரித்தார். டீ ஆற்றிக்கொண்டே கடைக்காரர் உத்தரவைச் சொன்னார்.

"நல்லதுதானே. நம்ம பசங்களுக்கு வேலை கிடைக்கும்," என்று சொல்லிவிட்டு டமாரம் வீட்டுக்குப் போனார்.

மனைவி கத்திரியைக் கீழே வைத்தாள். "ஏங்க, நம்ம மாப்பிள்ளை எந்தக் கரை?"

"அக்கரை."

"நம்ம பொண்ணு வேலை பாக்குறது?"

"அதுவும் அக்கரை. அவளுக்கு என்ன வந்தது? உத்தரவு நம்ம கரையிலதானே?"

"நீங்க ஒருத்தர் கன்னத்துல அறைஞ்சா அவர் கை சும்மா இருக்குமா?"

சும்மா இருக்கவில்லை. அக்கரைத் தலைவர் மட்டும் லேசுப்பட்டவரா? அவருக்கும் தேர்தல் இருந்தது. அவருக்கும் ஒரு மண்டபம் இருந்தது. தட்டுவதற்குக் கையும் இருந்தது. ஒரு மாதம் போவதற்குள் அக்கரை வேலை அக்கரைக்கே என்று அவரும் உத்தரவு போட்டார். உடனே இக்கரைத் தலைவர், "என்ன காட்டுமிராண்டித்தனம்! கூட்டாட்சிக்கே துரோகம்!" என்று கொதித்தார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அந்தக் கொதிப்புக்கும் கண்ணாடி கழன்றது, அதற்கும் மண்டபம் அதிர்ந்தது.

மகள் ஒரு பெட்டியோடு வந்து வாசலில் நின்றாள். வார்டில் போடுகிற வெள்ளைச் செருப்பைக் கழற்றக்கூட அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தவளை நடுவில் கூப்பிட்டு உத்தரவைக் காட்டினார்களாம். குழந்தை பிறக்கிறவரை இருக்கிறேன் என்று கெஞ்சியிருக்கிறாள். குழந்தை அழுத சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வந்தாளாம்.

"மாப்பிள்ளை?" என்றார் டமாரம்.

"அவருக்கு இங்க வேலை கிடையாது. எனக்கு அங்க வேலை கிடையாது. வேலை இல்லாம அடுத்த கரையில தங்கவும் கூடாதாம். என்ன பண்ணட்டும்பா? பாலத்து நடுவுல குடித்தனம் வைக்கட்டுமா?"

டமாரம் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். இக்கரை ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் புருஷனை நிரந்தரமாகப் பிரிந்த மாதிரி ஆகிவிடும் என்று அவள் அங்கே மனுப் போடவில்லை. மகள் பகலெல்லாம் கடையில் உட்கார்ந்து அம்மாவுக்கு உறை தைத்துக் கொடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல் பாலத்துக்குப் போனாள். அங்கே இரண்டு மாகாணத்துக் காவலர்களும் ஒரு கயிற்றைக் கட்டி வைத்திருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் புருஷன், இந்தப் பக்கம் பெண்டாட்டி. ஒரே நாட்டுக்குள் புருஷனைப் பார்க்கக் கயிற்றோரம் நிற்க வைத்த இந்தப் பெரிய மனிதர்களை என்ன சொல்லித் திட்டுவது? திட்டுவதற்குக்கூட ஒரு தகுதி வேண்டும்.

இப்படியிருக்கும்போது தலைநகரத்தில் எல்லா மாகாணத் தலைவர்களையும் கூட்டி ஒரு மாநாடு நடத்தப்போவதாகச் செய்தி வந்தது. நாட்டில் யாரும் எங்கேயும் வேலை பார்க்கலாம் என்று ஒரு பொது ஒப்பந்தம். மற்ற மாகாணங்கள் இந்த இரண்டையும்தான் பார்த்துக்கொண்டிருந்தன. இவை இரண்டும் கதவைத் திறந்தால் எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள். திறக்காவிட்டால் எல்லாரும் ஆளுக்கொரு பூட்டு வாங்குவார்கள். அக்கரைத் தலைவர், இக்கரைக்காரர் முதலில் இறங்கி வந்தால் நானும் வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஆக, ஒரு முழு நாட்டின் தலையெழுத்து இந்த ஒரு மனிதரிடம் வந்து நின்றது. குரங்கு கையில் பூமாலை.

அந்த வாரத்தில் காரியதரிசி மெத்தைக் கடைக்கு வந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, பஞ்சு மூட்டை மேல் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"டமாரம், விஷயம் உங்களோட இருக்கட்டும். தலைவருக்கு உள்ளுக்குள்ள இறங்கி வரணும்னுதான் இருக்கு. நம்ம ஆஸ்பத்திரியில பாதி நர்ஸ் அக்கரைக்காரங்க, எல்லாரும் போயிட்டாங்க. வார்டு காத்தாடுது. ஆனா தானா இறங்கி வந்தா கோழைன்னு பேர் வந்துடும். அதனால மண்டபத்துல சனங்களையே கேக்கப்போறாரு. கதவைத் திறக்கலாமான்னு ஒரு கேள்வி. மூடியே இருக்கட்டுமான்னு ஒரு கேள்வி. எதுக்குச் சத்தம் வருதோ அதுதான் முடிவு."

டமாரம் மூட்டையருகே நெருங்கி வந்தார். "முதல் கேள்விக்குத் தட்டினாப் போதுமா சார்?"

"அதைத்தானே சொல்றேன். ஆனா யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. முன்கூட்டியே பேசி வெச்ச ஏற்பாடுன்னு வெளிய தெரிஞ்சா மானம் போயிடும். நீங்க ஆரம்பிங்க, மத்தவங்க தானா வருவாங்க. இத்தனை வருஷமா உங்க கை பின்னாடிதானே வர்றாங்க?"

அந்தக் கடைசி வார்த்தை டமாரத்தின் உள்ளுக்குள் போய் இனித்தது. ஆமாம், இத்தனை வருஷமாகத் தன் கைக்குப் பின்னால்தான் மண்டபமே வருகிறது. தான் தட்டினால் தட்டும், நிறுத்தினால் நிறுத்தும். அப்படித்தான் அவர் நம்பியிருந்தார். தலைவருக்குத் தன் பேச்சின் மேல் இருந்த மயக்கம் இவருக்குத் தன் கையின் மேல் இருந்தது. அதனால் தன் படையில் ஒருவரிடம்கூட அவர் வாய் திறக்கவில்லை.

மகளிடம் மட்டும் சொன்னார். அதுவும் பாதிதான். "நாளைக்கு மண்டபத்துக்கு வாம்மா. அப்பா உன்னை மறுபடி வேலைக்கு அனுப்புறேன் பாரு."

"எப்படிப்பா?"

அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பல மாதத்துக்குப் பிறகு மகள் சிரித்தாள்.

மண்டபம் காலையிலேயே நிரம்பிவிட்டது. பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். மகள் பெண்கள் பக்கத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். டமாரம் வழக்கம்போல நடுவில், எல்லோரும் பார்க்கும்படியாக இருந்தார். பல வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குக் காதை வீட்டில் வைக்காமல் கொண்டு வந்திருந்தார். தலைவரின் பேச்சை முழுதாகக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. மனிதர் சொன்னதையே சொல்லி, சொன்னதாகச் சொன்னதையும் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் இரண்டு முறை கண்ணாடி கழன்றது, மண்டபம் தட்டியது, டமாரமும் தட்டினார்.

கடைசியில் அந்த இடம் வந்தது. காரியதரிசி எழுதிக் கொடுத்த தாளைத் தலைவர் மூக்கருகே கொண்டுபோனார். முதல் கேள்வியை ஒரு எழுத்துப் பிசகாமல் படிக்க வேண்டும் என்பதால் கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்களும் நம்ம நாட்டுச் சனங்கதான். நம்ம உத்தரவை விலக்கிக்கிட்டா அவங்களும் விலக்கிக்கிறேன்னு சொல்றாங்க. என் அன்புக்குரியவர்களே, கதவைத் திறக்கலாமா?"

டமாரம் தட்டினார். உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கைக்குக் கொண்டுவந்து தட்டினார். மெத்தைகளை அறைந்த கை, மகளுக்காக அறைந்தது.

ஒருவரும் தட்டவில்லை.

அந்தப் பெரிய மண்டபத்தில் ஒரே ஒரு ஆளின் கைச் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்தது. டமாரம் நிறுத்தவில்லை. திரும்பிப் பார்த்தார். வரிசை வரிசையாக முகங்கள். ஒரு முகம்கூட அவரைப் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் மேடையில், தலைவரின் மூக்கின் மேல் இருந்தது. பக்கத்தில் இருந்த அவருடைய சொந்தச் சிஷ்யன் முழங்கையால் இடித்தான். "அண்ணே, என்ன அவசரம்? இன்னும் போட்டுக்கிட்டுதானே இருக்காரு!"

அப்போதுதான் டமாரத்துக்கு விளங்கியது. இவர்கள் ஒருநாளும் தன் கைக்குப் பின்னால் வந்தவர்களே இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் வந்தவர்கள். அப்படி வரச் சொல்லிக் கொடுத்ததும் தானேதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் தன் பாடத்தால் கெட்டார்.

மேடையில் தலைவருக்கு வியர்த்துவிட்டது. இருபது வருஷத்தில் அவர் கேட்காத அமைதி அது. ஒரு ஒற்றைக் கை மட்டும் எங்கேயோ தட்டிக்கொண்டிருப்பது அவருக்குக் கேலி செய்வது மாதிரி இருந்தது. பயந்துபோன மனிதர் தாளைக் கீழே வைத்தார். இரண்டாவது கேள்விக்குத் தாள் தேவைப்படவில்லை.

"இல்லேன்னா... மூடியே இருக்கட்டுமா?"

கேட்டுவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றினார்.

மண்டபம் இடிந்து விழுந்தது. அப்படி ஒரு கைதட்டல். இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததையும் சேர்த்துத் தட்டினார்கள். எதற்குத் தட்டுகிறோம் என்று அங்கே இருந்த ஒருவருக்கும் தெரியாது. வீட்டுக்குப் போய்த்தான் விசாரிப்பார்கள். அந்தச் சத்தத்தில் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சி ஒரு சத்தம், பலகையும் பலகையும் மோதுகிற மாதிரி, பட், பட், பட் என்று. டமாரம் யார் இது என்று பார்த்தார். அவருடைய கைதான். கண்ணாடி கழன்றதும் அவரைக் கேட்காமல் அது கிளம்பியிருந்தது.

ஒரு கையை இன்னொரு கையால் பிடித்து நிறுத்தினார். நிமிர்ந்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புரிஞ்சுது! உங்க தீர்ப்பு புரிஞ்சுது!" என்று மேடையில் தலைவர் கத்திக்கொண்டிருந்தார். முகத்தில் உயிர் திரும்பியிருந்தது. "என் உயிர் இருக்கறவரை இந்தக் கதவு திறக்காது!"

தந்தையும் மகளும் சந்தைத் தெரு வழியாக வீட்டுக்கு நடந்து போனார்கள். பழக்கடை தாண்டியதும் அவள் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார், சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"முதல்ல தட்டினது எனக்காகப்பா. அது தெரியுது. ரெண்டாவது தட்டினது யாருக்கு?"

"பழக்கம்மா," என்றார்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். டமாரத்துக்குத் தன் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போல இருந்தது. அவ்வளவு வெட்கம் அவருக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு தலைவரின் வீட்டுக்குக் கிளம்பினார். உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். தலைநகரத்துக்குத் தலைவர் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. நேற்று நடந்தது தீர்ப்பே இல்லை, கண்ணாடி செய்த வேலை என்று தெரிந்தால் மனிதர் மனம் மாறலாம். அவருக்கே இறங்கி வரும் எண்ணம் இருந்ததல்லவா?

பெரிய கூடம். சுவரோரம் கிளைக்காரர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். நடுவில் சாய்வு நாற்காலியில் தலைவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். கதவை மூடிய தலைவர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. காரியதரிசி பின்னால் நின்றார்.

டமாரம் நாலு முறை எச்சில் விழுங்கினார். பிறகு ஒரே மூச்சில் சொன்னார்.

"ஐயா, நேத்து சனங்க உங்க கேள்விக்குத் தட்டலை. அவங்க பேச்சையே கேக்கறதில்லை. நீங்க கண்ணாடியைக் கழட்டினா தட்டுவாங்க, போட்டா நிறுத்துவாங்க. நான்தான் பழக்கி வெச்சேன். நீங்க முதல் கேள்விக்குக் கழட்டியிருந்தா அதுக்குத்தான் தட்டியிருப்பாங்க. என் பொண்ணு வாழ்க்கை போகுதுய்யா. கதவைத் திறந்துடுங்க."

காரியதரிசியின் முகம் வெளுத்துவிட்டது. அவருக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. தலைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன உளறுறான் இவன்? யாருய்யா நீ?" என்று முகத்தை நன்றாகப் பார்ப்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றினார்.

சுவரோரம் நின்றவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள்.

தலைவர் திரும்பிப் பார்த்தார். தட்டல் நிற்கவில்லை. அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டார், தட்டல் நின்றது.

"பாத்தியா?" என்றார் டமாரத்திடம். குரலில் அன்பே இருந்தது. "நான் இன்னும் பதிலே சொல்லலை. என் மனசுல என்ன ஓடுதுன்னு சனங்களுக்குத் தெரியுது. இதுக்குப் பேருதான் தலைமை. போயிட்டு வா."

காரியதரிசி அவரை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். "இதை வெளிய எங்கேயும் சொல்லிடாதீங்க," என்று காதருகே சொன்னார். "நீங்க இனிமே வராட்டியும் பரவாயில்லை. அவங்களே தட்டிக்கிறாங்க."

மாநாட்டில் இக்கரைத் தலைவர் கையெழுத்துப் போடவில்லை. அதனால் அக்கரைத் தலைவர் போடவில்லை. அவர்கள் இருவரும் போடாததால் மற்றவர்களும் பேனாவை மூடிவிட்டார்கள். வருஷம் திரும்புவதற்குள் மாகாணத்துக்கு மாகாணம் கயிறு கட்டிவிட்டார்கள். ஒன்றாகக் கையெழுத்துப் போட்ட நாடு, தனித்தனியாகப் பூட்டுப் போட்டுக்கொண்டது. மக்களின் விருப்பத்துக்குத் தலைவணங்கிய தலைமை என்று பத்திரிகைகள் எழுதின.

மண்டபக் கூட்டத்துக்குப் பிறகு வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை டமாரமும் மகளோடு பாலத்துக்குப் போனார். போகக் கூடாது என்றுதான் இருந்தார், அவள்தான் கூப்பிட்டாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை நின்றிருந்தார். இளைத்திருந்தார். இவரைப் பார்த்ததும் கயிற்றுக்கு மேலே கையை நீட்டி, இவருடைய இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, எல்லாம் சொன்னா. அவ்வளவு பெரிய மண்டபத்துல நீங்க ஒருத்தரே தட்டினீங்களாமே. யாருக்கு வரும் அந்தத் தைரியம்? இந்தக் கையைத் தொட்டுக் கும்பிடணும் மாமா."

டமாரம் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார், மாப்பிள்ளை விடவில்லை. திரும்பி மகளைப் பார்த்தார். அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது தட்டைப் பற்றி அவள் புருஷனிடம் சொல்லவே இல்லை.